கன்வேயர் மறைக்கும் ஏடிஎச்டி

ஓசூர், கெலமங்கலம் வட்டாரத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் இளைஞர் மனநலப் பிரிவுக்கு வந்தால், 'எனக்குக் கவனம் நிற்கவில்லை' என்று பெரும்பாலும் சொல்ல மாட்டார். 'ஆரம்பிக்கவே முடியல சார்' என்பார். கூட வந்தவர் 'சோம்பேறித்தனம்' என்பார். நாமும் தூக்கம், பசி, மனச்சோர்வு பற்றிக் கேட்டுவிட்டு, தைராய்டு பரிசோதனைக்கு எழுதி அனுப்பிவிடுகிறோம். அவர் சொன்ன அந்த முதல் வாக்கியம் கேஸ் ஷீட்டில் ஏறுவதில்லை.

மனநல நோயறிதல் கையேடான டி.எஸ்.எம்.-5 ஏடிஎச்டிக்கு (கவனக்குறைவு, மிகைச்செயல் கோளாறு) தரும் 18 அறிகுறிகளில் தொடங்க முடியாமைக்கென்று தனி வரி கிடையாது. தொடர்ந்து மூளையைச் செலுத்த வேண்டிய வேலைகளைத் தவிர்ப்பது என்ற வரிக்குள் அது அடங்கிக் கிடக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர்.எஸ். வினாத்தாள் இதில் தேவலை. அதன் முதல் ஆறு கேள்விகளில் நான்காவது, அதிகம் யோசிக்க வேண்டிய வேலையைத் தொடங்காமல் எவ்வளவு அடிக்கடி தள்ளிப்போடுகிறீர்கள் என்று நேராகவே கேட்கிறது.

இந்தத் தொழிற்பேட்டைப் பகுதியில் அந்தக் கேள்விக்குக் கூடுதல் வேலை இருக்கிறது. அசெம்ப்ளி லைனில் நிற்பவர் எதையும் தொடங்க வேண்டியதில்லை. பாகம் தானாக முன்னால் வந்து நிற்கும். அடுத்தது பின்னாலேயே வரும். பசுமைக்குடில்களிலும் ஏறக்குறைய அதே கதை. ரோஜா மொட்டு விரிவதற்குள் வெட்டியாக வேண்டும், வண்டி கிளம்புவதற்குள் கட்டியாக வேண்டும். அவசரமும் ஒழுங்கும் வெளியிலிருந்தே கிடைப்பதால், ஏடிஎச்டி உள்ள ஒருவர் லைனில் நல்ல பெயர் வாங்கிவிட முடியும். அந்தப் பெயராலேயே லைன் லீடர் ஆவார். அன்றிலிருந்து ஷிஃப்ட் ரிப்போர்ட் எழுத வேண்டும், ரிஜெக்ஷன் கணக்கைத் தொகுக்க வேண்டும், யாரும் நினைவூட்டாத மெயிலுக்குப் பதில் போட வேண்டும். தடுமாற்றம் அங்கேதான் வெளிப்படும். டிப்ளமோ அரியர், பி.எஃப். படிவம் போன்றவை வீட்டில் ஏற்கெனவே கிடப்பில் இருக்கும். அவற்றை யாரும் நோய்க்குறியாகப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கோயம்புத்தூர் மாவட்டத் தொடக்கப் பள்ளிகளில் நடந்து 2013இல் வெளியான ஆய்வு, 11.32 விழுக்காடு குழந்தைகளிடம் ஏடிஎச்டி இருப்பதாகச் சொன்னது. உலகச் சராசரியாகச் சொல்லப்படும் ஐந்து விழுக்காட்டைவிட இது மிக அதிகம். அளவீட்டு முறை பற்றி வாதிடலாம். ஆனால் அந்த வயதுக் குழந்தைகள் இன்று கம்பெனி பஸ் ஏறும் வயதில் இருக்கிறார்கள்.

தொடங்காமை எல்லாமே ஏடிஎச்டி அல்ல. முன்பெல்லாம் செய்துகொண்டிருந்தவருக்கு இப்போது முடியவில்லை என்றால் மனச்சோர்வு, ரத்தசோகை, சுழல் ஷிஃப்டால் கெட்ட தூக்கம் ஆகியவற்றை முதலில் பாருங்கள். மனச்சோர்வில் பிடித்த காரியமும் நின்றுபோகும். ஏடிஎச்டியில் பிடித்தது நள்ளிரவு தாண்டியும் ஓடும், பிடிக்காதது மட்டும் மலையாக நிற்கும். 12 வயதுக்கு முந்தைய வரலாறு தேவை, அதற்கு அம்மாவிடம் பேச வேண்டும். கெலமங்கலத்தில் அந்த அம்மா தெலுங்கோ கன்னடமோ பேசுபவராக இருக்கலாம். தமிழில் அச்சடித்த தாளை அவர் கையில் கொடுத்துவிட்டு 'வரலாறு கிடைக்கவில்லை' என்று எழுதுவது நியாயமில்லை.

வோல்கோவும் சகாக்களும் 2009இல் வெளியிட்ட பெட் ஸ்கேன் ஆய்வு, மருந்து எடுத்துக்கொள்ளாத ஏடிஎச்டி பெரியவர்களின் மூளையில் வெகுமதிப் பாதையின் டோபமின் குறியீடுகள் குறைந்திருப்பதைக் காட்டியது. பலன் தொலைவில் இருக்கும் வேலை ஏன் இவர்களை இழுப்பதில்லை என்பதற்கு இது ஒரு விளக்கம். ஆகவே 'மனசு வைத்தால் முடியும்' என்ற அறிவுரை பயன்படாது. மெத்தில்பெனிடேட் உதவும், ஆனால் போதைமருந்துத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருவதால் எல்லாக் கடையிலும் கிடைக்காது. கிடைத்தாலும், காலையில் போட்ட மாத்திரை இரவு ஷிஃப்டில் ரிப்போர்ட் எழுதுபவருக்கு எந்த வகையில் பயன்படும்? ஷிஃப்ட் அட்டவணையைக் கேட்காமல் மருந்து நேரம் எழுதுவது நம்மிடம் பரவலாக இருக்கும் பழக்கம். அட்டமாக்சடினுக்கு இந்தச் சிக்கல் குறைவு, பலன் தெரிய மட்டும் வாரங்கள் ஆகும்.

மருந்தோடு, லைன் இலவசமாகத் தந்ததை நாமே ஏற்பாடு செய்து தர வேண்டும். 'ரிப்போர்ட் எழுது' என்பது தொடக்கமல்ல. 'டீ குடித்து டம்ளரை வைத்ததும், தாளில் தேதியும் மெஷின் எண்ணும் எழுதுவேன்' என்பது தொடக்கம். 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்ற இவ்வகைத் திட்டமிடலை ஜெர்மானிய உளவியலாளர் கோல்விட்சர் 1990களிலேயே முன்வைத்தார். ஏடிஎச்டி குழந்தைகளிடமும் பிறகு சோதித்திருக்கிறார்கள். இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் வேலை நகர்வதாகப் பல நோயாளிகள் சொல்கிறார்கள். இதற்கு ஆய்வுச் சான்று மெலிது. செலவில்லாததால் முயன்று பார்க்கலாம்.

மேல் சிகிச்சைக்குப் பரிந்துரைக்கும்போதும் இந்தத் தொடங்கும் சிக்கலையே யோசிக்க வேண்டும். பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை ஓசூர் சாலையில்தான் இருக்கிறது, ஆனால் போய் வர ஒரு நாள் சம்பளம் போகும். அதைவிட, போன் செய்து தேதி வாங்குவதே இவர்களால் தொடங்க முடியாத வேலைகளில் ஒன்று. சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்புவதற்குப் பதில், அறையை விட்டு அவர் வெளியேறும் முன் நம் ஊழியரே தேதி வாங்கிக் கொடுக்கலாம். 14416 என்ற டெலி மனாஸ் மனநல உதவி எண்ணையும் அங்கேயே அவர் போனில் பதியச் செய்யலாம்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் ஏடிஎச்டி இல்லை. கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் இருக்கின்றன. சட்டம் மாறும்வரை, மேலாளரிடம் சலுகை கேட்பதற்கு நம் சான்றிதழைத் தவிர அந்த இளைஞரிடம் வேறொன்றும் இல்லை. அந்தத் தாளில் நோயின் பெயரோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். ரிப்போர்ட்டுக்கு அச்சிட்ட படிவம், ஷிஃப்ட் தொடக்கத்தில் ஒரு நிமிட வாய்மொழி நினைவூட்டல், நீண்ட வேலைக்கு இடைக்காலக் கெடு என்று என்ன தேவையோ அதையும் எழுதிக் கையெழுத்திடுங்கள்.