அந்த அஞ்சு செக்கனை யார் முடிவெடுத்தது?



இந்தக் கிழமை எபிசோட்டில் டெஸ்க்டாப் ஆப்களைப் பற்றிக் கதைச்சம். அதில் ஓரிடத்தில், "ஸ்கிரீனில இருக்கிறது தானா மாறவேணுமெண்டா ஒரு டைமர் போட்டா முடிஞ்சுது" என்று நான் சிரித்துக்கொண்டு சொல்லுவேன். எடிட் பண்ணேக்க அதைத் திருப்பிக் கேட்டேன். எனக்கே சங்கடமாக இருந்தது. ஏனென்றால் ஒரு டைமர் போட்டு "முடித்த" வேலையால் ஒரு அன்ரிக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது எனக்குத் தெரியும். அந்த டைமரைப் போட்டவனும் நான்தான். மைக்குக்கு முன்னால் அதைச் சொல்ல வாய் வரேல்ல. இங்கே எழுதிவிடுகிறேன்.

அது யூனி முடித்துச் சேர்ந்த முதல் வேலை. சின்னக் கம்பனி, பெயர் வேண்டாம். வெயார்ஹவுஸ்களில் டெலிவரி அனுப்புகிற மேசையில் பாவிக்கும் ஒரு விண்டோஸ் ஆப்பை எழுதினோம். சி ஷார்ப், வின்ஃபோர்ம்ஸ். ஸ்கிரீன் முழுக்க ஒரு அட்டவணை. ஒவ்வொரு வரியும் ஒரு டெலிவரி: யாருக்கு, என்ன சாமான், எந்த வான். வரியின் கடைசியில் இரண்டு பட்டன், ஒன்று அனுப்ப, மற்றது ரத்துச் செய்ய. புது ஓடர் வந்தால் அது மேலே தெரியவேண்டும் என்று கேட்டார்கள். நான் ஒரு டைமரை வைத்து, இன்டர்வல் 5000 மில்லிசெக்கன் என்று எழுதினேன். டைமர் அடிக்கும் ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸில் இருந்து முழு லிஸ்டையும் எடுத்து, பழைய அட்டவணையைத் துடைத்துவிட்டுப் புதிதாக நிரப்பும். இருபது வரி கோட் இருக்கும். டெமோவில் எல்லாருக்கும் சந்தோசம்.

அந்த 5000 எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்னிடம் பதில் இல்லை. ஒரு செக்கன் என்றால் சேர்வருக்குப் பாரம், பத்து செக்கன் என்றால் மந்தமாகத் தெரியும் என்று ஒரு மனக்கணக்கு, அவ்வளவுதான்.

ஆறு மாதம் கழித்து, ஸ்காபரோவில் அந்த ஆப் ஓடுகிற ஒரு வெயார்ஹவுசுக்கு வேறு ஏதோ பிரிண்டர் பிரச்சினை பார்க்க என்னை அனுப்பினார்கள். மேசையில் ஒரு தமிழ் அன்ரி இருந்தார். என் முகத்தைக் கண்டதும் இங்கிலீசை விட்டுவிட்டார்.

"தம்பி, நீங்களே இதைச் செய்தது? ஒண்டு கேக்கட்டே? நான் கை வைக்கப் போகேக்க இது ஓடுது."

எனக்கு விளங்கேல்ல. பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்து பார்த்தேன். அன்ரியின் கண் ஒரு வரியைத் தேடிப் பிடிக்கும். மவுஸ் அங்கே போகும். விரல் அமத்துகிற நேரம் பார்த்து மேலே ஒரு புது ஓடர் வந்து விழும், எல்லா வரியும் ஒரு படி கீழே இறங்கும். கிளிக் விழுவது, ஒரு கணத்துக்கு முன்னர் அதற்கு மேலே இருந்த வரியில். வேறொருவரின் டெலிவரி.

"நிச்சயமா?" என்று ஒரு பெட்டி வருமே என்று கேட்பீர்கள். வரும். அதையும் நான்தான் எழுதினேன். ஆனால் எந்த ஓடர், யாருடையது என்று அந்தப் பெட்டியில் ஒரு சொல் இல்லை. வெறும் "நிச்சயமா?". ஒரு நாளைக்கு நூறு தரம் அதற்கு "ஓம்" அமத்துகிறவர் நூற்றி ஓராவது தரமும் "ஓம்" தான் அமத்துவார்.

இரண்டு கிழமைக்கு முந்தி அப்படித்தான் ஒரு வீட்டுக்குப் போகவேண்டிய டயாலிசிஸ் சாமான் ரத்தாகிப்போனது. நல்ல காலம், வீட்டுக்காரர் பின்னேரமே போன் எடுத்ததால் இரவோடு இரவாக வேறு வானில் அனுப்பிவிட்டார்கள். அடுத்த நாள் மனேஜர், யார் எப்போது எதை அமத்தினார் என்று எங்கள் ஆப் எழுதிவைக்கும் பதிவைத் திறந்து பார்த்திருக்கிறார். அன்ரியின் யூசர் பெயர், நேரம், "ரத்து". வேறென்ன ஆதாரம் வேணும்?

"நான் அதை அமத்தேல்ல எண்டு சொன்னன், தம்பி. கொம்பியூட்டர் நீங்கள்தான் எண்டு சொல்லுது எண்டு கடிதத்தைத் தந்திட்டினம்."

ஒஃபிசுக்குத் திரும்பி வந்து சேர்வர் பக்கத்துப் பதிவையும் எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அட்டவணை மாறிய நேரத்துக்கும் அன்ரியின் கிளிக்குக்கும் இடைவெளி 180 மில்லிசெக்கன். ஒன்றைக் கண்ணால் கண்டு, விளங்கி, விரலை நிறுத்த மனிதர் யாருக்கும் அது போதாது. கண்டவுடன் ஒரு பட்டனைத் தட்டுகிற சின்னச் சோதனையிலேயே நல்ல உசாரான ஆளுக்கு 200, 250 மில்லிசெக்கன் போய்விடும். ஆக, அன்ரி முடிவெடுத்தது பழைய ஸ்கிரீனைப் பார்த்து. கிளிக் விழுந்தது புது ஸ்கிரீனில். எங்கள் பதிவு அதை "யூசர் ரத்துச் செய்தார்" என்று எழுதிவைத்தது.

இதற்குப் பிறகு நான் பிடிவாதமாக இருக்கிற ஒரு விசயம் இருக்கு. புதுத் தகவலைக் கடிகாரத்தைப் பார்த்து எடுத்து வாருங்கள், பரவாயில்லை. ஆனால் ஸ்கிரீனில் ஒன்று *இடம்* மாறுவதைக் கடிகாரம் தீர்மானிக்கக் கூடாது. அது மவுசைப் பிடித்திருக்கிறவரின் உரிமை. நாங்கள் இந்த இரண்டையும் ஒரே டைமருக்குள் போட்டு, அதற்கு "ரிஃப்ரெஷ்" என்று ஒரே பெயரை வைத்துவிட்டோம்.

இது ஒன்றும் புதுச் சிந்தனை இல்லை. விண்டோஸில் டாஸ்க் மனேஜரைத் திறந்து பாருங்கள். எவ்வளவு வேகமாகப் புதுப்பிக்கவேண்டும் என்பதை நீங்களே தெரிவு செய்யலாம், முழுதாக நிறுத்தியும் வைக்கலாம். சிபியூ அளவுப்படி வரிசைப்படுத்தினால் லிஸ்ட் பேய் மாதிரிக் குதிக்கும், இல்லையா? அப்போது கன்ட்ரோல் கீயை அமத்திப் பிடியுங்கள். லிஸ்ட் உறைந்துபோய் நிற்கும், ஆறுதலாகத் தெரிவு செய்யலாம். நான் அதைக் கண்டுபிடித்தது இந்த வேலைக்கு வந்து கனகாலத்துக்குப் பிறகு. அதை ஒரு ஒளித்துவைத்த கீயாக வைத்ததுதான் எனக்குக் கோபம்.

விண்டோஸ் 95 கதையும் இருக்கு. மைக்ரோசாஃப்டில் நெடுங்காலமாக இருக்கும் ரேமண்ட் சென் அதை எழுதியிருக்கிறார். டாஸ்க்பார் கடிகாரத்தின் ஆரம்ப பீட்டாக்களில் நேரத்துக்கு நடுவில் இருக்கும் இரண்டு புள்ளிகளும் செக்கனுக்குச் செக்கன் கண் சிமிட்டினவாம். அப்போது 4 எம்பி மெமரி உள்ள கொம்பியூட்டரிலும் விண்டோஸ் ஓடவேண்டும். அந்தச் சின்னச் சிமிட்டலுக்காகவே கடிகாரத்தின் கோட் எப்போதும் மெமரியில் இடம்பிடித்து, மற்ற ஆப்களின் வேகத்தைக் குறைத்தது. தூக்கிவிட்டார்கள். விண்டோஸ் 11இல் செக்கன் காட்டும் வசதி 2023இல் வந்தபோதும், கூடுதல் மின்சாரம் எடுக்கும் என்று செட்டிங்ஸிலேயே எழுதி, விரும்பினால் போடுங்கள் என்று விட்டார்கள். இரண்டு புள்ளிக்கு அவ்வளவு யோசனை. என் 5000க்கு ஒரு கோப்பி குடிக்கிற நேர யோசனைகூட இல்லை.

உங்களில் கொஞ்சப் பேர் இப்ப யூனியில் முதல் ஆப் எழுதிக்கொண்டிருப்பீர்கள், அதனால் உள்ளே என்ன நடக்குது என்பதையும் சொல்லுறன். விண்டோவை வரைகிறதும் உங்கள் கிளிக்கைக் கேட்கிறதும் ஒரே ஒரு த்ரெட். சின்னக் கொத்துரொட்டிக் கடையில் கல்லாவில் நிற்கிற அண்ணைதான் கொத்தும் போடுகிறார் என்று வையுங்கள். டைமர் என்பது அஞ்சு செக்கனுக்கு ஒருக்கா வந்து அண்ணையின் தோளில் தட்டுகிற பெடியன். தட்டினவுடன் அண்ணை எல்லாத்தையும் விட்டுவிட்டு டேட்டாபேஸ் என்கிற பின்கடைக்கு நடந்துபோய் வந்தால், அதுவரை கல்லாவில் ஆளில்லை. இப்படி ஒரு விண்டோ அஞ்சு செக்கன் பதில் சொல்லாமல் இருந்தால் விண்டோஸ் அதை மங்கலாக்கி, பதிலளிக்கவில்லை என்று மேலே எழுதிவிடும். அதனால் பின்கடைக்கு வேறு ஆளை அனுப்பவேண்டும், சாமான் வந்த பிறகு தட்டில் போடுவது மட்டும் அண்ணையின் வேலை. வந்த ஆளே தட்டிலும் போட வெளிக்கிட்டால் வின்ஃபோர்ம்ஸ் எரர் எறியும், கண்டிருப்பீர்கள். போனவர் வரமுதல் அடுத்தவரை அனுப்பவும் கூடாது. நெட்வேர்க் மந்தமான நாளில் ஏழு செக்கன் எடுக்கிற வேலைக்கு அஞ்சு செக்கன் டைமர் வைத்தால் பின்கடையில் சனம் நிறைஞ்சுபோகும். ஒரு வேலை முடிந்த பிறகு அடுத்த டைமரை வையுங்கள். பைதனின் டிக்கின்டரில் "ஆஃப்டர்" அப்படித்தான் பாவிக்கச் சொல்லித் தருவார்கள்.

எபிசோட் வந்தவுடன் ஒரு நண்பன் மெசேஜ் போட்டான்: "இதெல்லாம் பழங்கதை மச்சான். வெப்சொக்கெட் போடு, சேர்வரே தள்ளட்டும், டைமரே தேவையில்லை." தொழில்நுட்பமாகப் பார்த்தால் சரி. சேர்வருக்குப் பாரம் குறையும். ஆனால் அன்ரிக்கு அது இன்னும் மோசம். அஞ்சு செக்கனுக்கு ஒருக்கா நகர்கிற லிஸ்ட்டிலாவது ஒரு தாளம் இருக்கு, அன்ரி அதைப் பழகிக்கூட வைத்திருந்தார் ("ஒருக்கா ஆடினாப் பிறகு கெதியா அமத்தவேணும்"). சேர்வர் நினைத்த நேரம் தள்ளினால் அந்தத் தாளமும் போச்சு.

ஒருவர் பிழையான மென்பொருளுக்கு ஏற்றமாதிரித் தன் கையைப் பழக்கி வைத்திருந்தது எனக்கு இப்பவும் உறுத்துது.

நாங்கள் பிறகு மாற்றியது இதுதான். ஒரு வரிக்குள் இருக்கும் நிலைமை, வான் நம்பர் போன்றவை மாறினால் அந்தக் கட்டத்தில் மட்டும் எழுத்து மாறும், வரி அசையாது. புது ஓடர் வந்தால் உள்ளே இடித்துக்கொண்டு வராது, மேலே ஒரு மஞ்சள் பட்டனில் "3 புது ஓடர்" என்று காத்திருக்கும், அன்ரி அமத்தினால்தான் இறங்கும். கிளிக் செய்தது "ஏழாவது வரி" என்று பார்க்காமல் ஓடர் நம்பரை வைத்தே வேலை நடக்கும். "நிச்சயமா?" பெட்டியில் பெயரும் சாமானும் பெரிய எழுத்தில். மஞ்சள் பட்டனை அமத்தி லிஸ்ட் மாறிய பிறகு அரைச் செக்கனுக்கு ரத்துப் பட்டன் வேலை செய்யாது. ஃபயர்ஃபொக்ஸில் சில அனுமதிப் பெட்டிகள் வந்தவுடன் பட்டன் கொஞ்ச நேரம் மங்கலாக இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? அதே யோசனைதான்.

இதைச் செய்யேக்கதான் இன்னொரு அசிங்கமும் வெளியில் வந்தது. சேர்வர் தொடர்பு அறுந்தால் என்ன நடக்கும் என்று பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. எரரைப் பிடித்து விழுங்கிவிட்டு, பழைய லிஸ்ட்டையே காட்டிக்கொண்டிருந்தது. மூலையில் நான் ஆசையாக வைத்த கடிகாரம் மட்டும் செக்கனுக்குச் செக்கன் ஓடிக்கொண்டிருந்தது. பார்க்கிறவருக்கு எல்லாம் உயிரோடு இருக்கிற மாதிரித் தெரியும், ஆனால் லிஸ்ட் செத்து முக்கால் மணித்தியாலம் ஆகியிருக்கும். இப்போது மூலையில் "கடைசியாக வந்தது 10:42:15" என்று இருக்கு. ஒரு நிமிசத்துக்கு மேல் பழசானால் முழு அட்டவணையும் சாம்பல் நிறமாகும். கடிகாரத்தைத் தூக்கிவிட்டோம். அது சுவரில் இருக்கு.

இணையப் பக்கங்களுக்கு இதில் ஒரு பகுதி எழுதிவைத்த விதியாகவே இருக்கு. தானாகப் புதுப்பிக்கிற தகவல் வேறு உள்ளடக்கத்தோடு சேர்ந்து வந்தால், அதை நிறுத்தவோ மறைக்கவோ வேகத்தை மாற்றவோ வழி இருக்கவேண்டும் என்று 2008இல் வந்த டபிள்யூ3சி அணுகல் விதிகள் சொல்கின்றன. அதுவும் ஆகக் குறைந்த படியில், எல்லாரும் செய்யவேண்டியதாக. டெஸ்க்டாப்பில் எழுதுகிற எங்களுக்கு அதை வாசிக்கத் தடை ஒன்றும் இல்லை.

கடிதத்துக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். இரண்டு பதிவையும் 180 மில்லிசெக்கனையும் போட்டு அந்த வெயார்ஹவுஸ் மனேஜருக்கு ஒரு ஈமெயில் எழுதி, முதலில் என் பொஸ்ஸிடம் காட்டினேன். "ஃபிக்ஸ் பண்ணு, ஆனா எங்கட பிழை எண்டு எழுத்தில குடுக்காத" என்றார். கஸ்டமர் போய்விடுவாராம். முதல் வேலை, கடன் வேறு, நானும் ஒரு நாள் முழுக்க அதை ட்ராஃப்டில் வைத்திருந்தேன். அது எனக்குப் பெருமையான நாள் இல்லை. கடைசியில் எங்கள் டீமில் இருந்த வயதான புரோகிராமர் ஒருவர் வாசித்துவிட்டு, தன் பெயரையும் கீழே போட்டு, "அனுப்பு" என்றார். கஸ்டமர் போகவில்லை.

மூன்று கிழமை கழித்து அன்ரி போன் எடுத்தார். கடிதத்தை ஃபைலில் இருந்து எடுத்துவிட்டார்களாம்.

"இப்ப ஓடுதில்லை, தம்பி. ஆனா அந்த மஞ்சள் பட்டன் சரியான சின்னன். கண்ணாடி போட்டாத்தான் தெரியுது."

அடுத்த வெர்ஷனில் பெரிசாக்கினோம்.