பருவமும் பாரிசவாயுவும்

ஒருவருக்குக் கை கால் விழுந்துவிட்டது என்ற சேதி வந்தவுடன், "வேளை சரியில்லை", "கிரகம் பிடித்தது", "காற்று அடித்தது" என்று காரணம் சொல்லுவது நம் ஜனங்களின் வழக்கமாயிருக்கின்றது. இந்நோய்க்கும் பருவத்திற்கும் சம்பந்தமுண்டு என்று டாக்டர்கள் சொன்னாலோ, "பார்த்தீர்களா, பஞ்சாங்கம் மெய்யாயிற்று" என்று ஜோசியர்கள் கிளம்பிவிடுவார்கள். ஆகவே இதைச் சற்று விளக்கமாய்ப் பேச வேண்டியிருக்கின்றது.

பாரிசவாயு என்பது வாயுவுமல்ல, முனி அறைந்ததுமல்ல. மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபட்டோ, வெடித்தோ, மூளையின் ஒரு பாகம் சாவதேயாகும். அக்குழாயைக் கெடுப்பவை இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, புகையிலை முதலியவை. ஏற்கனவே கெட்டுப்போன குழாய்க்குத்தான் பருவம் எமனாகின்றது.

குளிர்ந்தால் குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் ஏறுகின்றது. கோடையைவிடக் குளிர்காலத்தில் மேல் அளவு சராசரி சுமார் 5 புள்ளி அதிகமிருப்பதாகப் பல நாடுகளிலும் கண்டிருக்கிறார்கள். கடும் வெயிலிலோ வேர்வையால் உடம்பின் நீர் வற்றி, இரத்தம் கெட்டியாகி, உறைந்து அடைக்க இடமுண்டாகின்றது. இதில் சனிக்கு என்ன வேலை? ஆஸ்திரேலியாவில் குளிர்காலம் ஆனி, ஆடியில் வருகின்றது. அங்குள்ளவர்களுக்கு அழுத்தம் ஏறுவதும் அப்பொழுதுதானேயொழிய மார்கழியிலல்ல. மாதமும் கிரகமும் காரணமானால் இப்படி நடக்குமா?

"சென்னையில் அவ்வளவு குளிர் ஏது?" என்று கேட்கலாம். குளிர் கொஞ்சந்தான், நம்மவர் செய்து கொள்ளுவதே அதிகம். கோடையில் அழுத்தம் இறங்கியவுடன் "சரியாய்ப் போயிற்று" என்று தாமே மாத்திரையை நிறுத்தி விடுகிறார்கள். மார்கழி பிறந்ததும் விடியுமுன் பச்சைத் தண்ணீரில் தலை முழுகி, ஏகாதசி என்று மாத்திரையையும் தண்ணீரையும் தள்ளிவிட்டு, மயிலாப்பூர் மாடவீதியைச் சுற்றுகிறார்கள். அழுத்தமோ விடியற்காலையில் இயற்கையாகவே ஏறுவது. பிறகு கீழே விழுந்தால் பழி குளிரைச் சேருமா, மூடத்தனத்தைச் சேருமா?

மயிலாப்பூர்ப் பெரியவருக்காவது வெந்நீரும் போர்வையும் உண்டு. நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர் பெயர் தாங்கிய தியாகராய நகரில், ரங்கநாதன் தெருவில் மூட்டை சுமப்பவருக்கும், நடைபாதையில் கடை போட்டிருப்பவருக்கும் வெயிலில் என்ன உண்டு? 2003ஆம் வருஷம் மே 31ஆம் தேதி சென்னையில் 45 டிகிரி வெயில் அடித்தது. அப்படிப்பட்ட பகலில் நிழலும் குடிதண்ணீரும் கொடுக்காமல் வேலை வாங்கும் முதலாளி, தொழிலாளி விழுந்தால் "அவன் தலைவிதி" என்கிறான். விதி என்ற சொல் யாருக்கு லாபமாயிருக்கின்றது என்பதைத் தோழர்கள் யோசிக்க வேண்டும்.

மழையும் சும்மா விடுவதில்லை. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு பெருகி, கோட்டூர்புரமும் சைதாப்பேட்டையும் தண்ணீரில் நின்றபொழுது, அப்பகுதிகளில் மருந்துக் கடைக்குப் போவதே பெரும்பாடாயிற்று. ஆதலால் ஐப்பசி மழைக்கு முன்பே ஒரு மாத மாத்திரை வீட்டிலிருக்க வேண்டும். 2021 ஆகஸ்டு 5ஆம் தேதி ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் மாத்திரை வீடு தேடி வருகின்றது. அதைக் கேட்டு வாங்குவது பிச்சையல்ல, நம் வரிப்பணம்.

முக்கியமாய், ஒருதரம் இந்நோய் கண்டவர்கள் விழிப்பாயிருக்க வேண்டும். அமெரிக்கக் கணக்குப்படி, இந்நோய் காண்பதில் ஏறக்குறைய நாலில் ஒன்று மறுதரம் வருவதேயாகும். பருவம் மாறும்பொழுதெல்லாம் அழுத்தத்தை அளந்து பார்த்து, மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டரைக் கேட்டே செய்ய வேண்டும். கோடையில் தண்ணீர் தாராளமாய்க் குடிக்க வேண்டும். இருதயமோ மூத்திரக்காயோ கெட்டவர்கள் மாத்திரம் அளவு கேட்டுக் குடிக்க வேண்டும்.

முகம் ஒரு பக்கம் கோணினாலும், தூக்கிய கை விழுந்தாலும், பேச்சுக் குழறினாலும் அந்த க்ஷணமே 108ஐக் கூப்பிடுங்கள். அடைப்பா, கசிவா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். அடைப்பானால், உறைந்ததைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்திற்குள் கொடுத்தாக வேண்டும். பெரிய குழாய் அடைபட்டால் நிமிஷத்திற்குச் சுமார் 19 லட்சம் மூளை அணுக்கள் சாகின்றன. அப்படியானால் ஒன்றரை மணி ராகுகாலம் கழியட்டும் என்று காத்திருக்கும் குடும்பம் சுமார் 17 கோடி அணுக்களைப் பலி கொடுக்கின்றது. புறா இரத்தம் தேய்ப்பதற்கும் மந்திரிப்பதற்கும் போகும் நேரமும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

குளிரையும் வெயிலையும் மழையையும் நம்மால் நிறுத்த முடியாது. ஆனால் அவை சொல்லாமல் வருபவையல்ல. வருஷந்தோறும் அதே காலத்தில் வருபவை. வருவது தெரிந்திருந்தும் மாத்திரையை விட்டுப் பரிகாரத்தைத் தேடுவது மனிதத் தன்மையாகுமா? இவ்வருஷ மார்கழிக்கு முன், ஒவ்வொரு தோழரும் தம் வீட்டு முதியவர்களின் இரத்த அழுத்தத்தை அளந்து பார்க்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளுகின்றோம்.