கைக்குள் அடங்கும் பொருளுக்கு எதற்கு எல்லைக்கோடு?



வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை ஏதாவது இயற்பியல் விஷயமோ பழைய பள்ளி ஞாபகமோ எழுதுவேன். இந்த வாரம் வீடியோ கேம் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்காதீர்கள். கடைசி பெஞ்சில் ஒளித்து வைத்து கேம் ஆடியவனை வகுப்புக்கு வெளியே நிறுத்திய அதே டீச்சர்தான் எழுதுகிறேன்.

போன வாரம் டோக்கியோவிலிருந்து ஒரு போன். 1998-இல் நம் பள்ளியில் பிளஸ் டூ முடித்த பையன். இப்போது அங்கே மென்பொருள் வேலை.

"டீச்சர், அடுத்த மாசம் ஊருக்கு வர்றேன். அக்கா பையனுக்கு நிண்டெண்டோ ஸ்விட்ச் 2 வாங்கிட்டு வரலாம்னு இருக்கேன். இங்க ரெண்டு விலையில வந்துச்சு. ஒண்ணு 49,980 யென், இன்னொண்ணு 69,980 யென். பார்க்க ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு. விலை கம்மியா இருக்கறதையே வாங்கிரவா?"

கேள்வி எனக்கில்லை, என் பேரனுக்கு. எங்கள் வீட்டில் இந்தத் துறையின் தலைமையாசிரியர் அவன்தான், வயது பன்னிரண்டு. போனை வாங்கிச் சொன்னான்: "மாமா, கம்மி விலையில இருக்கறத வாங்காதீங்க. அதுல ஜப்பானிய மொழி மட்டும்தான் வரும். அக்கவுன்ட்டும் ஜப்பான்னு இருந்தாத்தான் சேர்க்க முடியும். இங்க வந்தா அந்தப் பையனுக்குப் பிரயோஜனமில்லை."

மறுமுனையில் சிரிப்பு. "மெஷினுக்கும் விசா கேக்கறாங்களா டீச்சர்?"

அந்தக் கேள்விதான் இந்தப் பதிவை எழுத வைத்தது.

2006-இல் பிளஸ் ஒன் படித்தவர்களுக்கு ஒரு சம்பவம் ஞாபகம் இருக்கலாம். அமெரிக்காவிலிருந்த என் மகள் கோள்களைப் பற்றிய ஆவணப்பட டிவிடி ஒன்றை அனுப்பியிருந்தாள். வீட்டு டிவியையும் பிளேயரையும் ஆட்டோவில் ஏற்றி ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தேன். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டி, இரண்டு செக்‌ஷனையும் சேர்த்து உட்கார வைத்து, தட்டைப் போட்டால், திரையில் ஒரே ஒரு வரிதான் வந்தது. இந்தப் பிராந்தியத்தில் இந்தத் தட்டு ஓடாது என்று. எண்பது பிள்ளைகளும் 'ஓ'வென்று கத்தினீர்கள். சனிக்கிரகத்தின் வளையத்தை அன்றைக்கு நான் கரும்பலகையில்தான் வரைந்து காட்டினேன்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. டிவிடிக்காக உலகத்தைப் பிராந்தியம் பிராந்தியமாகப் பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவுக்கு 1, ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் 2, நமக்கு 5. திரைப்படங்கள் ஒவ்வொரு நாட்டிலும் வெவ்வேறு நாளில் வெளியாகின்றன, அதனால் ஒரு நாட்டுத் தட்டு இன்னொரு நாட்டில் ஓடக்கூடாது என்பது அவர்கள் கணக்கு. மறுநாள் பிளேயரைக் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்த பையன் ரிமோட்டில் நாலு பொத்தானை வரிசையாக அமுக்கினான். படம் ஓடியது. ஆக, பிளேயருக்குப் படிக்கத் தெரியாமல் இல்லை. படிக்காதே என்று யாரோ சொல்லி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

முடியாதது ஒன்று, முடியவிடாமல் செய்வது வேறு. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு கேம் கருவிகளுக்கு வருவோம்.

டிவியில் இணைத்து விளையாடும் பழைய கருவிகளில் நாட்டுக்கு நாடு வித்தியாசம் இருந்ததற்கு ஓரளவு நியாயமான காரணம் உண்டு. அது நம் பாடம்தான். இந்தியாவிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் டிவி படம் 625 கோடுகள், விநாடிக்கு 50 முறை வரையப்பட்டது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 525 கோடுகள், ஏறக்குறைய 60 முறை. ஒரு ஊர்க் கருவியின் சமிக்ஞை இன்னொரு ஊர் டிவிக்குப் புரியாது. ஆனால் அங்கேயும் எல்லாமே இயற்பியல் இல்லை. நிண்டெண்டோ 64 கருவியில் ஜப்பான் கேமும் அமெரிக்கக் கேமும் உள்ளே ஒரே வகைதான். செருகும் இடத்தில் சின்ன பிளாஸ்டிக் மேடு வைத்து, ஒன்று மற்றொன்றில் நுழையாதபடி செய்திருந்தார்கள்.

கையடக்கக் கருவிக்கு இந்தச் சாக்கு எதுவுமே கிடையாது. அதன் திரை அதனிடமே இருக்கிறது, மின்சாரம் பேட்டரியிலிருந்து வருகிறது. 1989-இல் வந்த கேம் பாய் நாலு பென்சில் பேட்டரியில் ஓடியது. டோக்கியோவில் வாங்கிய கேம் சிகாகோவில் ஓடும், நம் ஊரிலும் ஓடும். 2001-இல் வந்த கேம் பாய் அட்வான்ஸும் அப்படியே. 2004-இல் வந்த டிஎஸ்ஸும் அப்படியே. சோனி நிறுவனத்தின் பிஎஸ்பி இன்னும் வேடிக்கை. அதே சின்னத் தட்டில் கேம் இருந்தால் எந்த நாட்டிலும் ஓடும், சினிமா இருந்தால் பிராந்தியம் பார்க்கும். கருவி ஒன்று, தட்டு ஒன்று, உள்ளே இருப்பதற்கு யார் சொந்தக்காரர் என்பது மட்டும்தான் வேறு. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

பூட்டு வந்தது பின்னால்தான். 2008-இல் வந்த டிஎஸ்ஐ கருவிக்கென்றே செய்த கேம்களில் ஆரம்பித்தது. 2011-இல் வந்த 3டிஎஸ்ஸில் முழுமையாக வந்துவிட்டது. ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பா, சீனா, கொரியா, தைவான் என்று ஆறு பிரிவு. கேம் கார்டுக்குள் இது எந்தப் பிரிவு என்று ஒரு குறி இருக்கும். கருவி அதைப் பார்த்து, தன் பிரிவு இல்லையென்றால் ஓட மறுக்கும். ஆஸ்திரேலியா ஐரோப்பாவோடு சேர்த்தி. இந்தியா என்று தனியாக ஒரு பிரிவே இல்லை.

இதில் அதிகம் மாட்டிக்கொள்வது நம்மைப் போன்ற குடும்பங்கள்தான். நம் வீடுகளில் இப்படிப்பட்ட சாமான்கள் கடையில் வாங்கியதைவிட வெளிநாட்டுப் பெட்டியில் வந்ததுதான் அதிகம். அமெரிக்கச் சித்தப்பா கொடுத்த 3டிஎஸ்ஸில் லண்டன் அத்தை ஆசையாக வாங்கிவந்த கேம் ஓடாது. அத்தைக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. அதே கருவியில் பழைய டிஎஸ் கார்டைப் போட்டுப் பாருங்கள், எந்த நாட்டுக் கார்டாக இருந்தாலும் ஓடும். புதிய கருவிக்குப் பழையதைப் படிக்கத் தெரிகிறது, பக்கத்து நாட்டுப் புதியதைப் படிக்க மட்டும் மறுக்கிறது.

நிறுவனங்கள் சொல்லும் காரணங்களையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். நாட்டுக்கு நாடு வயது வரம்புச் சட்டங்கள் வேறு, பிள்ளைகளைப் பாதுகாக்க வேண்டும் என்கிறார்கள். நல்ல நோக்கம். ஆனால் அதற்குப் பெற்றோர் கட்டுப்பாடு என்ற ஏற்பாடு கருவியிலேயே தனியாக இருக்கிறது. ஏழு வயதுக் குழந்தைக்கு ஏற்றது என்று ஐரோப்பா சொன்ன கேமை அமெரிக்கக் கருவியில் தடுப்பதால் எந்தப் பிள்ளைக்குப் பாதுகாப்பு?

அடுத்த காரணம் விலை. இதை நான் அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது. ஏனென்றால் அந்த விலை வித்தியாசத்தில் படித்தவள் நான். கல்லூரியில் நாங்கள் படித்த ரெஸ்னிக்–ஹாலிடே இயற்பியல் புத்தகம் இந்தியப் பதிப்பு. அமெரிக்க விலைக்கு விற்றிருந்தால் என் அப்பாவால் வாங்கித் தந்திருக்க முடியாது. ஜப்பானில் ஸ்விட்ச் 2-ஐ 20,000 யென் குறைத்துக் கொடுத்ததும் அந்த வகைதான். உள்ளூர்க்காரர்களுக்குக் கட்டுப்படியாகும் விலை, வெளிநாட்டு வியாபாரிகள் அள்ளிக்கொண்டு போகாமல் ஒரு வேலி.

இந்தப் புத்தக விஷயம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. சுபாப் கிர்ட்சாங் என்ற தாய்லாந்து மாணவர் அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தார். ஊரிலிருந்த குடும்பத்தாரிடம் சொல்லி மலிவான ஆசியப் பதிப்புகளை வாங்கி அனுப்பச் செய்து, அங்கே விற்றார். ஜான் வைலி பதிப்பகம் வழக்குப் போட்டது. 2013 மார்ச்சில் 6–3 என்ற கணக்கில் தீர்ப்பு மாணவர் பக்கம் வந்தது. முறையாக அச்சிட்ட பிரதியை வெளிநாட்டில் வாங்கியிருந்தாலும், வாங்கியவர் அதை விற்கலாம் என்றது நீதிமன்றம்.

அந்தத் தீர்ப்பால் பதிப்பகங்கள் நம் ஊர் விலையையும் ஏற்றிவிடுமோ என்று ஓர் ஆசிரியையாக எனக்கு அப்போது கவலை இருந்தது. அதை மறைக்கவில்லை. ஆனாலும் ஒரு வித்தியாசத்தைப் பாருங்கள். என் இந்தியப் பதிப்புப் புத்தகத்தின் அட்டையில், இன்னின்ன நாட்டில் மட்டும் விற்பனைக்கு என்று போட்டிருக்கும். அது வியாபாரிக்குச் சொன்ன சொல். நான் அந்தப் புத்தகத்தை அமெரிக்காவுக்கு என் மகளைப் பார்க்க எடுத்துப் போனபோது, விமானம் தரையிறங்கியதும் அதன் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளவில்லை. வேலி விற்பவனுக்குத்தான் இருந்தது, படிப்பவளுக்கு இல்லை. 3டிஎஸ் பூட்டு வாங்கி வைத்திருப்பவரின் கையைப் பிடிக்கிறது. என் எதிர்ப்பு அந்த இடத்தில்தான்.

இன்னொன்று சொன்னால் இது எவ்வளவு தூரம் போகிறது என்று புரியும். 3டிஎஸ்ஸுக்கான இணையக் கடையில் கேம் விற்பனை 2023 மார்ச் 27-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. இனிமேல் ஒரு பிள்ளைக்கு அந்தக் கருவியில் புதிதாக ஒரு கேம் வேண்டுமென்றால் பழைய கார்டு ஒன்றைத் தேடிப்பிடிக்க வேண்டும், அதுவும் அதே பிரிவுக் கார்டாக. வியாபாரம் முடிந்துவிட்டது. காப்பாற்ற விலையும் இல்லை, வெளியீட்டுத் தேதியும் இல்லை. கடையைச் சாத்தியவர்கள் பூட்டை மட்டும் கழற்றவில்லை.

நம் வகுப்பு நூலகம் ஞாபகம் இருக்கிறதா? ஒரு தகரப் பெட்டி, நூற்றிருபது புத்தகம், ஒரு நோட்டு. யார் எடுத்தது, யாருக்குக் கொடுத்தது என்று எழுதுவோம். அதில் பாதி, முந்தைய செட் மாணவர்கள் விட்டுப்போனது. சொந்தம் என்றால் இரவல் கொடுக்கலாம், தம்பி தங்கைக்குத் தள்ளிவிடலாம், ஊர் மாறினால் கூடவே கொண்டுபோகலாம். பிள்ளைகள் சொத்து என்பதை முதலில் கற்றுக்கொள்வது பொம்மையில்தான். காசு கொடுத்து வாங்கிய பொம்மை, 'நான் சொல்லும் ஊரில் மட்டும்தான் உன்னுடையவன்' என்று சொன்னால், அந்தப் பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும்?

நிண்டெண்டோவே 2017-இல் வந்த ஸ்விட்ச்சில் இந்தப் பூட்டை எடுத்துவிட்டது. உலகம் இடிந்துவிடவில்லை, கருவி கோடிக்கணக்கில் விற்றது. ஸ்விட்ச் 2-இலும் கார்டுகளுக்குப் பூட்டு இல்லை. ஜப்பானிய மொழிக் கருவியின் கட்டுப்பாட்டையும் வெளிப்படையாக முன்பே சொல்லித்தான் விற்றார்கள். அதற்குப் பாராட்டு. எனக்கு வேண்டியது இரண்டே இரண்டு. கட்டுப்பாடு இருந்தால் பெட்டியின் முகப்பில், வெளிநாட்டிலிருந்து வாங்கிவரும் அத்தைக்கும் புரியும்படி பெரிதாகப் போடுங்கள். விற்பனையை நிறுத்தும் நாளில் பூட்டையும் திறந்துவிட்டுப் போங்கள்.

பேரன் சொல்லச் சொல்ல எழுதிய குறிப்பு, வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு: பழைய கேம் பாய், கேம் பாய் அட்வான்ஸ், ஸ்விட்ச் இவற்றின் கேம்களை எந்த நாட்டிலும் வாங்கலாம். 3டிஎஸ் என்றால் கருவி எந்தப் பிரிவு என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். ஜப்பானில் ஸ்விட்ச் 2 வாங்கினால் பல மொழி உள்ளதா என்று பாருங்கள்.

டோக்கியோ மாணவன் கடைசியில் 69,980 யென் கொடுத்தே வாங்கிவிட்டானாம். "அக்கா பையன் அங்க விளையாடணுமே டீச்சர்" என்றான். வரும்போது அவன் மகள் படித்து முடித்த ஜப்பானியப் படக்கதைப் புத்தகங்களையும் என் பேரனுக்குக் கொண்டுவருகிறானாம். இவனுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனாலும் எடுத்ததும் திறக்கும்.

உங்கள் வீட்டில் இப்படி ஓடாமல் கிடக்கும் சாமான் எதுவும் இருக்கிறதா? கீழே எழுதுங்கள். கம்பெனிப் பெயர் வேண்டாம், கதை மட்டும் போதும். நான் சொன்னதில் தப்பு இருந்தாலும் தயங்காமல் சொல்லுங்கள். இப்போது என்னிடம் பிரம்பு இல்லை.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் டீச்சர்