விலாசம் சொல்லாத மரம்!

உலகத்திலேயே உயரமான மரத்தைப் பார்க்க ஆசையா? அது எந்த இடத்தில் நிற்கிறது என்று அங்குள்ள அதிகாரிகள் சொல்லவே மாட்டார்கள். எப்படியோ தேடிப் பிடித்துப் பக்கத்தில் போய் நின்றால் 5,000 டாலர் வரை அபராதம், 6 மாதம் வரை ஜெயில்!

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம், வடக்குக் கோடி. ஒரு பக்கம் பாறைகளில் மோதிச் சிதறும் பசிபிக் கடல். மறுபக்கம் வானத்தை மறைத்து நிற்கும் ரெட்வுட் காடு. பெயரைப் பார்த்து நம்மூர் செம்மரத்துக்குச் சொந்தம் என்று நினைக்க வேண்டாம். இது ஊசியிலை மர வகை. இங்குள்ள சில மரங்களுக்கு 2,000 வயது!

கோடையில் இந்தக் கரையில் மழை அபூர்வம். ஆனால், கடலிலிருந்து தினமும் மூடுபனி எழுந்து வரும். இலைகள் அதைச் சீவி எடுத்துச் சொட்டுச் சொட்டாகத் தரையில் விடும். இந்தக் காட்டுக்குக் கிடைக்கும் தண்ணீரில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இப்படி வருவதுதான்.

ஆச்சரியம் இன்னொன்று உண்டு. இத்தனை உயரமான மரத்துக்கு ஆணிவேர் கிடையாது! வேர்கள் 6 முதல் 12 அடி ஆழம்தான் போகும். ஆனால், பக்கவாட்டில் 100 அடிக்குப் படர்ந்து, அடுத்த மரத்தின் வேரோடு பின்னிக்கொள்ளும். புயலடித்தால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கும்.

யூரோக் பழங்குடியினர் விழுந்த மரங்களைக் குடைந்து படகு செய்தார்கள். 1850-களில் தங்கம் தேடி வந்தவர்களின் கோடரி அப்படிக் காத்திருக்கவில்லை. ஆதிக்காட்டில் இன்று மிஞ்சியிருப்பது ஏறத்தாழ 5 சதவிகிதம்தான். 1968-ல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது.

கோடரி ஓய்ந்தது. அடுத்த ஆபத்து அன்பு வடிவில் வந்தது!

2006-ல் இரண்டு இயற்கை ஆர்வலர்கள் கண்டுபிடித்த மரம் 'ஹைப்பீரியன்'. உயரம் சுமார் 116 மீட்டர். பீடத்தோடு சேர்த்து சுதந்திர தேவி சிலையின் உயரமே 93 மீட்டர்தான்! இடத்தை ரகசியமாக வைத்தார்கள். ஆனால், இணையத்தில் விலாசம் கசிந்தது. பாதையே இல்லாத இடத்துக்குப் புதர்களை மிதித்துக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். மரத்தடியில் இருந்த பெரணிச் செடிகள் காணாமல் போயின. குப்பை சேர்ந்தது. மண் இறுகினால் மேலோட்டமான வேருக்குத் தண்ணீர் எப்படி இறங்கும்? 2022-ல் அந்தப் பகுதியையே மூடிவிட்டார்கள்.

அதே வட்டாரத்தில் 'டைட்டன்கள் தோப்பு' என்ற இடத்துக்கும் இதே கதி வந்தது. அங்கே வேறு வழி கண்டார்கள். தரைக்கு மேலே தூக்கிக் கட்டிய நடைபாதை! மனிதர்கள் மேலே நடக்க, வேர்கள் கீழே மூச்சு விடுகின்றன.

போக நினைப்பவர்களுக்கு: சான்ஃபிரான்சிஸ்கோவிலிருந்து காரில் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தேசியப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. குழந்தைகள், பெரியவர்களோடு போனால் 'லேடி பேர்ட் ஜான்சன் தோப்பு' வசதி. சுமார் இரண்டரை கிலோ மீட்டரில் சுற்றி வந்துவிடலாம். இருபுறமும் பெரணி மூடிய 'ஃபெர்ன் கேன்யன்' பள்ளத்தாக்குக்குக் கோடையில் முன்பதிவு அவசியம். கோடையிலும் குளிரும், ஸ்வெட்டர் மறக்க வேண்டாம். வழியில் எல்க் மான்கள் தென்பட்டால் தள்ளியே நின்று பார்ப்பது நல்லது.

ஹைப்பீரியனைப் பார்க்கவில்லையே என்ற வருத்தமும் தேவையில்லை. அதன் அடியில் நின்றால் உச்சி தெரியாது. பாதையோரத்தில் நிற்கும் மரங்களில் அதைவிடப் பருமனானவை உண்டு. அண்ணாந்து பார்க்க அவை போதும். பார்க்கும்போது கால் மட்டும் பாதையிலேயே இருக்கட்டும்!