எழுபது ஆண்டு வாக்குத்தத்தம்

புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைகளிலும் சுவர் நாட்காட்டிகளிலும் பொன்னெழுத்தில் பொலியும், எதிர்பார்த்திருக்கும் முடிவைத் தருவதாகக் கூறும் எரேமியா 29:11ஆம் வசனத்தை, விரும்பிய உத்தியோகமும் விவாகமும் விரைவில் கைகூடுமென்று தமக்கே எழுதித் தந்த உறுதிப்பத்திரமாகக் கொள்வோர், அதற்கு முந்தைய வசனத்தையும் ஒருமுறை வாசித்தல் நலம். கி.மு. 597இல் நேபுகாத்நேச்சார் சிறைபிடித்துச் சென்ற யூதருக்கு எருசலேமிலிருந்து தீர்க்கதரிசி எரேமியா விடுத்த, அவ்வசனங்கள் இடம்பெற்ற நிருபம், இரண்டே ஆண்டுகளில் மீட்சி என்று பொய்த் தீர்க்கதரிசி அனனியா ஊட்டிய ஆசைக்கு மாறாக, விடுதலைக்கு எழுபது ஆண்டு செல்லுமென்று அறிவித்து, அதுவரை பாபிலோனிலேயே வீடு கட்டி, தோட்டமிட்டு, பிள்ளைகளுக்கு மணமுடித்து, தம்மைச் சிறைப்படுத்திய அந்நகரின் சமாதானத்துக்காகவே பிரார்த்திக்க வேண்டுமென்று பணித்தது. கடிதத்தைச் செவியுற்ற முதியோரில் பெரும்பாலோர் அந்த விடுதலையைக் கண்ணால் காணாமலே மாண்டிருப்பர். ஆகவே, பேரப்பிள்ளைகளின் காலத்துக்காக இன்றே உழைத்துவைக்கும் பொறுமையைப் பயிலாதவர், அவ்வசனத்தை மட்டும் பிரித்தெடுத்து உரிமை கொண்டாடுவது நியாயமாகாது.