இயந்திரம் பிறகு வரட்டும்



கணினியின் கட்டளைக்கேற்ப மரப்பலகையைச் செதுக்கும் சி.என்.சி இயந்திரம் இன்று மேசைமேல் வைக்கும் அளவிற்குச் சிறுத்துவிட்டது. பொழுதுபோக்காக வீட்டிலேயே வைத்திருப்போரும் உளர். பள்ளிக்கும் ஒன்று வாங்கலாமே என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் பேச்சு எழுந்தால் அதில் வியப்பில்லை. ஆயினும் முதலில் வடிவமைப்பு மென்பொருளைக் கற்பிப்போம், அதையும் தமிழ் எழுத்தைக் கொண்டே கற்பிப்போம் என்பது என் கருத்து. ஓர் இயந்திரத்தின் முன் முப்பது பிள்ளைகள் நின்றால் இருபத்தொன்பது பேர் வேடிக்கை பார்ப்பார்கள். கணினி அறையிலோ ஒவ்வொருவரும் வரையலாம்.

ஏன் தமிழ் எழுத்து? ஆங்கிலப் பெயர்ப்பலகைக்கான ஆயத்தக் கோப்புகள் இணையத்தில் குவிந்து கிடக்கின்றன. பதிவிறக்கிப் பெயரை மாற்றினால் வேலை முடிந்தது. மாணவன் கற்றது மட்டும் ஒன்றுமில்லை. தமிழில் அப்படி நடவாது. 'கொ' என்னும் எழுத்தைப் பாருங்கள். ஒருங்குறியில் ககரத்திற்குப் பின்னரே ஒகரக் குறி வரும். திரையிலோ அக்குறி பிரிந்து இருபுறமும் நிற்க வேண்டும். இதனை அறியாத மென்பொருளில் கொம்பு இடம் மாறிவிடும். முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் உருவான இந்நாட்டில் நம் பிள்ளைகள் இதை அறியாதிருக்கலாமா?

இதற்கு வழி எளிது. 2003ஆம் ஆண்டு வெளிவந்த இங்க்ஸ்கேப் என்னும் இலவச மென்பொருள் தமிழைச் செம்மையாகக் காட்டும். அதில் பெயரைத் தட்டச்சு செய்து, எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றி, எஸ்.வி.ஜி கோப்பாகச் சேமித்தால் போதும். செதுக்கும் மென்பொருளுக்கு அது எழுத்தன்று, வெறும் கோடுதான், ஆகவே சிதையாது.

உண்மையான பாடம் இதன் பிறகே தொடங்குகிறது. வெட்டுமுனையின் விட்டம் 3 மில்லிமீட்டர் என்றால் அதைவிடக் குறுகிய இடைவெளிக்குள் அது நுழையாது. 'ண'கரத்தின் சுழிகளை எவ்வளவு பெரிதாக வரைவது? மாணவன் கணக்கிட்டுத்தான் ஆகவேண்டும். எழுத்தைப் பலகையிலிருந்து தனியே அறுத்தெடுத்தால் மெய்யெழுத்தின் புள்ளி உடன் வாராது, தனித்துண்டாய் விழும். அதைப் பின்பலகையில் ஒட்டுவதா, எழுத்தோடு ஒரு சிறு பாலமிட்டு இணைப்பதா? (ஓலைச்சுவடி எழுதியோர் பெரும்பாலும் புள்ளியே இடவில்லை என்பது நினைவிற்கு வருகிறது. கருவிக்கேற்ப எழுத்து வளைவது புதிதன்று.) மெல்லிய கோடும் தடித்த கோடும் கலந்த எழுத்துருவிற்கு 'வி' வடிவ முனை பொருந்தும், அகன்ற இடத்தில் ஆழமாகவும் குறுகிய இடத்தில் மேலோட்டமாகவும் அது இறங்கும்.

இவற்றால் மதிப்பெண் வருமா என்று கேட்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். யு.பி.எஸ்.ஆர் தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. வடிவமைப்பும் தொழில்நுட்பமும் படிநிலை இரண்டில் நமக்கு ஒரு பாடமாகவே உள்ளது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இரயில் பட்டறையைக் கண்ட ஊர் செந்தூல். இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்குக் கைத்தொழிலின் மதிப்பை யாரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

முதற்பயிற்சியாகத் தம் பெயரையே கட்டத்தாளில் வரையட்டும். பிறகு அதே அளவைக் கணினியில் கொண்டுவரட்டும். கோப்பு ஆயத்தமானால் பலகையைச் செதுக்கித் தர வெளிப்பட்டறைகள் உண்டு. அதற்கான கூலி இயந்திரத்தின் விலையில் ஒரு சிறு துளியே.