இடிக்கல்லும் இளவணிகரும்

இடி இடிக்கிறதாம்; வானத்திலிருந்து கல் விழுகிறதாம்; அக்கல்லை வீட்டில் வைத்திருந்தால் அவ்வீட்டின்மீது இடி விழாதாம்! இப்படி நம்பியவர் எந்நாட்டவர் என்கிறீர்கள் தோழர்களே? டென்மார்க் நாட்டு உழவர்கள். ஏர் முனையில் தட்டுப்பட்ட கற்கோடரியை, மனிதன் உழைத்துக் கூராக்கிய கருவியை, வானம் வீசிய படைக்கலம் என்று போற்றி வைத்தனர்.

கற்றோர் நிலை இதனினும் மேலானதா? சற்றே மேல், அவ்வளவுதான். ஏடு தோன்றுமுன் இருந்த காலமெல்லாம் மூடுபனி. அதை அளக்க வழியில்லை எனக் கைவிரித்தனர். திரட்டிய பழம்பொருள்கள் கோபன்ஹேகனில், திரித்துவத் தேவாலயத்தின் மேல்மாடத்தில் முறையின்றிக் கிடந்தன.

1816இல் அவற்றின் பொறுப்பை ஏற்றவர் கிறிஸ்டியன் தாம்சன். 1788இல் பிறந்தவர், வணிகர் மகன், பட்டம் பெறாதவர், இப்பணிக்கு ஊதியமும் பெறாதவர். பண்டிதர்கள் ஏட்டைப் புரட்டினர். இவரோ பொருளைப் புரட்டினார். ஒரே கல்லறையில் எவை எவை சேர்ந்து கிடைத்தன? எந்த அழகுக்கோலம் எந்தக் கருவியோடு வருகிறது? இரும்பு வந்த பின்னரும் வெண்கல அணிகள் வழங்கின என்பதை அவர் அறிவார். ஆதலால் உலோகத்தை மட்டும் கண்டு பிரித்தாரில்லை. கற்காலம், வெண்கலக் காலம், இரும்புக் காலம் என்னும் வரிசை அப்படிப் பிறந்தது. 1836இல் நூலாக வெளிவந்தது. வோர்சோ என்னும் இளைஞர் பின்னர் மண்ணை அகழ்ந்து அவ்வரிசையை மெய்ப்பித்தார்.

1819இலேயே காட்சிசாலையின் கதவு பொதுமக்களுக்குத் திறந்தது. தாம்சனே உடன் நடந்து விளக்கினார், உழவருக்கும்! ஏன்? அடுத்த கோடரியைக் கண்டெடுக்கப் போகிறவன் பேராசிரியன் அல்லன், ஏர் பிடிப்பவன்.

தாம்சனை நாத்திகர் என நாம் சொல்லவில்லை. சொன்னால் அது பொய். ஆனால் உலகின் வயதே ஏறத்தாழ ஆறாயிரம் ஆண்டு என்ற மதவாதிகளின் கணக்கு, அவர் காட்டிய வழியில் பின்வந்தோர் தோண்டத் தோண்டச் சரிந்தது.

நம் ஊர்ப் பக்கம் வருவோம். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபுட் பல்லாவரத்தில் கற்கருவி கண்டார். அதே ஆண்டில் அத்திரம்பாக்கத்திலும் கண்டார். அத்திரம்பாக்கத்துக் கருவிகள் பத்து இலட்சம் ஆண்டுக்கும் முற்பட்டவை என 2011இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். உடனே எழுகின்றனர் பழமைப் பித்தர்: "எங்கள் யுகக் கணக்கும் இலட்சம் இலட்சம்தானே!" எண் பெரிதானால் உண்மையாகிவிடுமா? அந்த யுகத்து மன்னருக்கு மணிமுடி உண்டு, பொற்றேர் உண்டு, மாடமாளிகை உண்டு. அத்திரம்பாக்கத்து மண்ணில் அவற்றுள் ஒரு துண்டேனும் உண்டா? கிடைத்ததெல்லாம் கல், கல், கல்!

இன்னொன்றும் கேளுங்கள். தென்னாட்டில் கல்லை அடுத்து இரும்பே வருகிறது. வெண்கலக் காலம் தனியே தென்படவில்லை. தாம்சன் வகுத்த வரிசை இங்கு அப்படியே பொருந்தாது என ஆய்வாளர்கள் வெளிப்படையாக எழுதினர். எழுதியவரை எவரும் ஊரைவிட்டு விலக்கவில்லை. எவரும் தீட்டுக் கழிக்கவும் இல்லை.